ஏட்டில் இருக்கும் பெயர்

1544ஆம் ஆண்டின் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக, 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கோட்டாற்றுத் திருவிழாப் பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும் எண் இது. அதே கடிதத்தில் உள்ள இன்னொரு செய்தியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தார் என்பதுதான் அது. எழுத்து வாசல்படி ஏறியிராத வீடுகளுக்கு, தன் பெயர் எழுதிய ஒரு துண்டு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் துண்டுகள் காலத்தோடு போய்விட்டன. பெயரை எழுதி வைக்கும் வேலையைப் பிறகு வந்த வேதக்கோவில்கள், அதாவது கிறிஸ்தவ ஆலயங்கள், தொடர்ந்தன. அந்த ஏடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குமரி மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் முன்னோரைத் தேடிப் போகிறவருக்கு, ஆலய அலமாரியில் இருக்கும் அந்தக் கனத்த ஏட்டை விட்டால் பெரும்பாலும் வேறு ஆதாரம் கிடையாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கணக்குகளில் நிலம் உள்ளவர் பெயர் இருக்கும், வரி கொடுத்தவர் பெயர் இருக்கும். பாட்டம் (குத்தகை) கட்டி உழுதவர், பனை ஏறியவர், கட்டுமரம் தள்ளியவர் பெயர் அங்கே எதற்கு வரப்போகிறது? திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். அந்த மக்களின் பிள்ளைகளுக்கு, இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்தவர் என்று முதன்முதலில் எழுதி வைத்தது ஞானஸ்நானப் பதிவேடு. அதிலும் தாயின் பெயரை எழுதியதை நான் பெரிதாக நினைக்கிறேன். கொல்லம் ஆண்டு 1092, அதாவது 1916இல் வந்த திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் இல்லாமல் இறந்த தகப்பன் சொத்தில் மகளுக்கு, மகன் பங்கில் கால்பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் என்றது. 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 முதலே நடப்பில் இல்லை என்று தீர்ப்பளித்தது. சொத்துப் பத்திரங்களில் காணாத அந்த மகள்களெல்லாம் ஞானஸ்நான ஏட்டில் மகளாக, தாயாக, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் துணை நிற்கும் ஞானத்தாயாக மூன்று இடத்தில் இருக்கிறார்கள்.

தேடத் தொடங்கும்போது முதல் சிக்கல், எந்த ஆலயத்துக்குப் போவது என்பது. இன்றைக்கு உங்கள் குடும்பம் எந்தக் கோவிலுக்குப் போகிறதோ அங்கே போய் 1890ஆம் ஆண்டு ஏட்டைக் கேட்டால், அப்படி ஒன்று இங்கே இல்லையே என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். அந்தக் கோவில் அன்று தனிப் பங்காக, அதாவது தனக்கென்று குருவும் ஏடும் உள்ள ஆலய வட்டமாக, இருந்திருக்காது. பக்கத்து ஊர்த் தாய்ப்பங்கின் கிளையாக இருந்திருக்கும். கிளை தனிப் பங்கானபோது புது ஏடு தொடங்குவார்கள். பழைய ஏடு தாய்ப்பங்கிலேயே நிற்கும். ஆகவே முதல் கேள்வி ஏட்டைப் பற்றியதாக இருக்கக்கூடாது. ‘இது எந்த வருஷம் தனிப் பங்காச்சு, அதற்கு முன்னால எந்தப் பங்கோட இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பங்குத்தந்தைக்குத் தெரியாவிட்டாலும் உபதேசியாருக்கோ பழைய கணக்கப்பிள்ளைக்கோ தெரியும். ஆலயச் சுவரில் பதித்த கல்லில் பாதி விடை இருக்கும்.

ஆலயத்துக்கு மேலே உள்ள நிர்வாகமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் உருவானது. அதற்கு முன் கொல்லம் மறைமாவட்டம். 2014இல் மேற்குப் பகுதிப் பங்குகளைப் பிரித்துக் குழித்துறை மறைமாவட்டம் வந்தது. தூத்தூர் வட்டாரக் கடற்கரைப் பங்குகள் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சீரோ மலபார் திருச்சபைக்குத் தக்கலையும், சீரோ மலங்கரைக்கு மார்த்தாண்டமும் 1996இல் தனி மறைமாவட்டங்களாயின. சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைப் பக்கம் வந்தால், லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1959இல்தான் கன்னியாகுமரிப் பேராயம் தனியானது, அதுவரை திருவனந்தபுரம் பகுதியோடு ஒன்றாக இருந்தது. ஒரு குடும்பம் இடம்பெயராமல் ஒரே விளையில், அதாவது ஒரே தோட்டத்து நிலத்தில், இருந்தபடியே மூன்று நிர்வாகங்களைப் பார்த்திருக்கும். பழைய கடிதங்களும் நகல்களும் கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ கிடக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

மாவட்ட எல்லையையும் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். நட்டாலத்தைச் சேர்ந்த தேவசகாயம் பிள்ளை 1745 மே 14இல் ஞானஸ்நானம் பெற்ற இடம் வடக்கன்குளம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே. மகாராஜாவின் சேவகத்தில் இருந்த ஒருவர் சமஸ்தானத்துக்குள் வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்வது எளிதாக இருக்கவில்லை. 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதே அதற்குச் சாட்சி. அவரை அடக்கம் செய்த கோட்டாறு சவேரியார் ஆலயம் இங்கே இருக்கிறது, ஞானஸ்நானம் பெற்ற கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொள்வினை கொடுப்பினை உண்டு. தாயின் ஞானஸ்நானம் இங்கே கிடைக்கவில்லை என்றால் அங்கே தேடுங்கள்.

ஏடு இல்லாமலே போகும் குடும்பங்களும் உண்டு. அதற்குக் காரணம் அந்தந்தச் சபையின் விசுவாசம். லண்டன் மிஷன் போதகர்கள் சேர வந்தவருக்கெல்லாம் உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. வருஷக்கணக்கில் ஆராதனைக்கு வந்து, வேதபாடம் படித்து, விக்கிரகம் விட்டு, குடி விட்டு, பிறகுதான். சபையின் ஆள்கணக்கில் இருப்பார், ஞானஸ்நான ஏட்டில் இருக்கமாட்டார். தாத்தா எந்த வருஷம் வேதத்தில் சேர்ந்தார் என்று வீட்டில் சொல்லும் ஆண்டுக்கும், ஏட்டில் உள்ள ஆண்டுக்கும் பத்து வருஷம் இடைவெளி இருந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) ஞானஸ்நானமே கிடையாது. குழந்தையை அர்ப்பணம் செய்வார்கள், வளர்ந்தவர் கொடியின் கீழ் உறுதி எடுத்துச் சேனைவீரராவார். அங்கே கேட்க வேண்டியது வீரர்களின் பெயர்ப்பட்டியல். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானம் இல்லாததால், பிறப்புக்கு அங்கே ஆதாரம் தேடிப் பயனில்லை. நாகர்கோவிலில் 1907இல் தொடங்கிய மிசூரி லுத்தரன் மிஷனில் குழந்தை ஞானஸ்நானம் உண்டு, ஏடும் உண்டு.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போட்டதை எதிர்த்து மூண்ட 1858-59 தோள்சீலைக் கலகத்தில் தென் திருவிதாங்கூரின் சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலையில்தான் மேலாடை பற்றிய அறிவிப்பு வந்தது. ஒரு பழைய சபையில் 1860க்குப் பிறகுதான் ஏடு தொடங்குகிறது என்றால், அதற்கு முன் அங்கே சபை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே 1806லேயே மயிலாடிக்கு வந்துவிட்டார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பிவிட்டது.

சரி, ஏடு கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தேதி. திருவிதாங்கூர் ஏடுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும், சில இடங்களில் ஆங்கில ஆண்டு பக்கத்தில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. ஆண்டு சிங்க மாதத்தில், ஆகஸ்ட் நடுவில், தொடங்கும். சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம் என்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள். மகரம், கும்பம், மீனம், மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம் என்றால் 825. நடுவில் உள்ள தனு மாதம்தான் வம்பு. அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால் முதல் பாதிக்கு 824, பின்பாதிக்கு 825. கொல்லம் 1034 துலாம் என்றால் 1858 அக்டோபர்-நவம்பர். அதே 1034 மகரம் என்றால் 1859 ஜனவரி-பிப்ரவரி. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு, திருமணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் கணக்கு உதைக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கிழமையும் எழுதியிருந்தால் நல்ல காலம், பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்து நாளைக்கூட உறுதி செய்துகொள்ளலாம்.

கத்தோலிக்க ஏடுகளில் லத்தீன் வேறு. லத்தீன் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரே வாக்கியம்தான், பக்கத்துக்குப் பக்கம் அதுவேதான். 1614இல் வந்த ரோமைச் சடங்குநூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்பநிலை என்று ஐந்து ஏடுகளுக்கும் வாசகத்தை வகுத்துக் கொடுத்துவிட்டது. இன்ன நாளில், கீழே கையொப்பமிடும் நான், இன்னாருக்கும் இன்னாளுக்கும் முறைப்படி பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து இன்ன பெயரிட்டேன், ஞானப்பெற்றோர் இன்னார் இன்னார். இவ்வளவுதான். ‘பப்திசாவி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஞானஸ்நான நாள், ‘நாத்தும்’ அல்லது ‘நாத்தாம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிறந்த நாள். ‘ஃபீலியும்’ என்றால் மகன், ‘ஃபீலியாம்’ என்றால் மகள். ‘பத்ரீனி’ என்றால் ஞானப்பெற்றோர்.

இதில் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, பெற்றோர் பெயருக்கு வேற்றுமை உருபு ஏறியிருக்கும். அந்தோணியின் மகன் என்பதை ‘அன்தோனியி’ என்றும், மரியாளின் மகன் என்பதை ‘மரியே’ என்றும் எழுதியிருப்பார்கள். அதைத் தனிப் பெயராக நினைத்துக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடக்கூடாது. இன்னொன்று மாதச் சுருக்கம். 7 போட்டு ‘ப்ரிஸ்’ என்று எழுதியிருந்தால் ஜூலை என்றுதான் கை தானாக எழுதும். அது செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, பழைய ரோமைக் கணக்கில் செப்டம்பர் ஏழாம் மாதம். 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், எக்ஸ் போட்டால் டிசம்பர். இந்த ஒரு தவறால் பிறந்த நாள் ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்து நிற்கும். அப்படி நின்றால் உடனே மாதத்தைச் சந்தேகியுங்கள்.

பெயர்களும் உடை மாற்றிக்கொண்டுதான் இருக்கும். லத்தீனில் பேத்ருஸ், வீட்டில் இராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னெஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை, ஸ்தேஃபனுஸ் முடியப்பன், அந்திரேயாஸ் பெலவேந்திரன், யாக்கோபுஸ் சந்தியாகு, தோமாஸ் தொம்மை. லாசருஸ் என்றால் தேவசகாயம். ‘கடவுள் துணை செய்தார்’ என்ற எபிரேயப் பெயரின் நேர்த் தமிழ் அது. இந்தச் சாவி கையில் இல்லாதவர் ஒரே ஆளை அண்ணன் தம்பி இருவர் என்று எழுதிவைப்பார். சி.எஸ்.ஐ. குடும்பங்களில் வேறொரு புதிர் உண்டு. தகப்பன் வேதமாணிக்கம், மகனுக்கு மட்டும் முழு ஆங்கிலப் பெயர், அதுவும் குடும்பப் பெயரோடு. மிஷன் விடுதிப் பள்ளிகளில் இங்கிலாந்திலிருந்து ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. உபதேசிமாரை ஆதரித்த சபைகளும் அப்படிப் பெயர் கொடுத்தன. அந்தப் பெயரைப் பார்த்து நமக்கு வெள்ளைக்காரப் பூட்டன் இருந்தார் என்று கதை கட்டவேண்டாம். லண்டன் மிஷன் ஆவணங்கள் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே உபதேசிமார் பெயர் கிடைக்கும், சபையில் பாயில் உட்கார்ந்திருந்தவர் பெயர் அதிகம் கிடைக்காது. அதற்கு உள்ளூர் ஏடுதான்.

தமிழ் எழுத்தே சிக்கல் தரும் ஏடுகளும் உண்டு. பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். தமிழ் எண்களில் எழுதியிருந்தால் ௧ ககரம் போல, ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போலத் தெரியும். ஒரு சொல் பிடிபடவில்லையென்றால் அதோடு மல்லுக்கட்டாமல், அதே கையெழுத்தில் உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்றைத் தேடி எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பத்துப் பக்கம் படித்தால் எழுதியவரின் கை பழகிவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாள எழுத்து வரும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள் அல்லவா.

ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது அடுத்த தொல்லை. மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர் என்பது இங்கே வழக்கம். ஆகவே சூசை மகன் அந்தோணி, அந்தோணி மகன் சூசை, மறுபடி சூசை மகன் அந்தோணி என்று சங்கிலி ஓடும். இரண்டு அந்தோணியும் ஒருவர்தான் என்று நினைத்தால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். மனைவி பெயரைச் சேர்த்துப் பார்ப்பதுதான் முதல் காவல். அடுத்தது விளைப் பெயர். அதிலும் எச்சரிக்கை வேண்டும், காட்டுவிளை என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு இடமா இருக்கிறது? ஆகவே மூன்றாவதாக ஞானப்பெற்றோர். தாய்மாமன், அத்தை, சித்தப்பா என்று நெருங்கிய உறவில்தான் பெரும்பாலும் நிற்பார்கள். ஒரு வீட்டின் ஐந்து பிள்ளைகளுக்கும் நின்றவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், தாய்வழி உறவே அங்கே கூடி நிற்கும்.

ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தை மறந்துவிடாதீர்கள். 1908 ஈஸ்டர் முதல் நடப்புக்கு வந்த ஆணைப்படி, ஒருவர் வேறு பங்கில் திருமணம் செய்தால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். ஆகவே 1890இல் பிறந்த பெண்ணின் பெயருக்கு நேரே, அவள் எந்த ஊருக்கு, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று வேறொரு மையில், வேறொரு கையில் சின்ன எழுத்து இருக்கலாம். மகள்கள் எங்கே போனார்கள் என்று தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்த ஓரம்தான் பைண்டிங் செய்பவர் கத்தியில் முதலில் போகும் இடமும்கூட. ஏட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கும் ஆலயங்கள் ஓரத்தை வெட்டக்கூடாது என்று எழுதியே கொடுக்க வேண்டும்.

திருமண ஏட்டில் ஒரு சொல் இரண்டு தலைமுறையைத் திறந்து காட்டும். திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசித்த விவரத்துக்குப் பிறகு, இரத்த உறவு விலக்கு வாங்கிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்பெண்ணைக் கட்டுவது நம் ஊரில் சாதாரணம். திருச்சபைச் சட்டத்தில் அதற்கு விலக்கு வேண்டும். 1917 சட்டத்தொகுப்பின் கணக்கில் பொது முன்னோரிலிருந்து எத்தனை படி இறங்குகிறோமோ அத்தனை படி. ‘இரண்டாம் படி இரத்த உறவு’ என்று இருந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தி. மூன்றாம் படி என்றால் ஒரே பூட்டன் வழி. 1983 சட்டம் கணக்கை மாற்றிவிட்டது. அதில் அதே அத்தை மகன் - மாமன் மகள் உறவு நான்காம் படி. எந்த ஆண்டு ஏடு என்று பார்க்காமல் படியை எண்ணினால் உறவு தலைகீழாகிவிடும். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் செல்லவில்லை. ஆகவே சமஸ்தானக் காலத்துத் திருமணத்துக்கு ஆலய ஏடே மூலம்.

பிறந்த தேதியில் ஏட்டுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் ஒத்துப்போகாவிட்டால் நான் ஏட்டின் பக்கம்தான் நிற்பேன். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னது ஊரறிந்தது. கத்தோலிக்கர் சில நாட்களுக்குள் பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானஸ்நானத் தேதிக்குப் பிறகு பிறந்திருக்க வழியில்லை. பிறந்து அரைமணி நேரத்தில் உயிர் ஊசலாடும் பிள்ளைக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். பிள்ளை பிழைத்தால் மீதிச் சடங்கைக் கோவிலில் முடிப்பார்கள். தண்ணீர் ஊற்றியதில் குருவுக்கு ஐயம் இருந்தால் ‘சுப் கோந்திசியோனே’, நிபந்தனையோடு, என்று எழுதுவார். குடும்பத்தார் மறந்துபோன ஒரு பேறுகாலத்தின் பயம் அந்த இரண்டு சொல்லில் நிற்கிறது.

ஏட்டைக் கேட்கும் முறையும் உண்டு. இவை அரசாங்கப் பொது ஆவணங்கள் அல்ல. பங்குத்தந்தையோ சேகர ஆயரோ (சி.எஸ்.ஐ. சபைப் போதகர்) மறுக்கலாம், மறுக்கக் காரணமும் இருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள். யாருடைய பெயர், எந்தப் பத்தாண்டு, எதற்காக என்று ஒரு தாளில் எழுதி, கிழமை நாளில் கொடுங்கள். சான்றிதழ் மட்டும் போதுமா, ஏட்டையே பார்க்க வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். சான்றிதழில் ஓரக்குறிப்பும் ஞானப்பெற்றோரும் விட்டுப்போகலாம். பங்கு ஏட்டைக் கரையான் தின்றிருந்தால் ஆயர் இல்லத்தில் கேளுங்கள். 1917 சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏடுகளின் நகலை அங்கே அனுப்ப வேண்டியிருந்தது, அது இருக்கலாம்.

தகப்பன் பெயர் இல்லாத வரிகள் கண்ணில் படும். சாதிக் கட்டத்தில் இன்று யாரும் உச்சரிக்க விரும்பாத பெயர்கள் இருக்கும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவத்துக்கு வந்த தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியதால், இந்த ஏட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் படிப்பையும் வேலையையும் தொடக்கூடியது. ஆகவே உங்கள் குடும்பத்து வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கத்தையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவது அடுத்த வீட்டாருக்குச் செய்யும் துரோகம்.

பங்கே விரும்பி ஏட்டைப் படமெடுக்கச் சொன்னால், அவசரப்படாமல் செய்யுங்கள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஏட்டைப் பலகைபோல முழுக்க விரித்தால் முதுகு முறியும். இரண்டு பக்கமும் துண்டை மடித்து முட்டுக்கொடுத்து, திறந்த புத்தகம் ஆழமில்லாத பள்ளம்போல இருக்கும்படி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். போனைப் பக்கத்துக்கு நேராகப் பிடியுங்கள். முதல் படம் அட்டை, பிறகு வெற்றுப் பக்கம் உட்பட எல்லாம் வரிசையாக. வெற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால், அது வெற்றா, எடுக்க மறந்ததா என்று பின்னால் தெரியாது. இருபது பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஓர எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கோப்புக்குப் பங்கு, ஏடு, ஆண்டு, பக்க எண் என்று பெயரிட்டு இரண்டு நகல் எடுத்து, இரண்டையுமே பங்கில் கொடுங்கள்.

பழைய ஏட்டைக் கெடுப்பதில் பூச்சிக்கு அடுத்தபடி நம்முடைய அக்கறைதான் நிற்கிறது. கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டுகிறார்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க வழியில்லை. பழைய மையில் அன்னபேதி கலந்திருக்கும். அந்த இரும்பு காற்றின் ஈரத்தில் தாளை அரிக்கும், துருப்பிடித்த நிறத்தில் எழுத்தே ஓட்டையாக உதிரும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. கடற்கரையில் உப்புக்காற்று வேறு. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளிப்போடுங்கள். ஏடுகளைத் திணிக்காமல் காற்றுப்போக அடுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒருநாள் திறந்து வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகி உடையும். நாப்தலீன் உருண்டை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கரையானுக்கு அது ஒன்றும் செய்யாது. சந்தேகமான எழுத்தின்மேல் பேனாவால் திரும்ப எழுதுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு தவறான ஊகம் அதோடு மூலத்தையே விழுங்கிவிடுகிறது.

இறப்பேட்டைப் பற்றி ஒன்று. பெயர் இறப்பேடு என்றாலும் பெரும்பாலும் அது அடக்க ஏடு. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்த நாளில் புதைத்தோம் என்பதுதான் அதில் வரும். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் 2004 டிசம்பர் கடைசி வாரத்துப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. இறந்த நாள் குறித்த இடத்தில் வரிக்கு வரி அதே 26 வரும். 2017 நவம்பர் 29, 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் திரும்பவில்லை, உடலும் வரவில்லை. புதைக்காதவரை அடக்க ஏட்டில் எந்த வரியில் எழுதுவது? ஐம்பது வருஷம் கழித்துத் தேடும் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்கும், உறுதிபூசுதல் கிடைக்கும், திருமணம் கிடைக்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது. ஊரைவிட்டுப் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொள்ளும். குடும்ப ஏட்டில் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கிறது. இதுவரை எழுதாத பங்குகளில் இப்போதே, வீட்டார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த வள்ளத்தில், எந்த நாள் போனார், கூட யார் யார் போனார்கள் என்று எழுதி, பங்குத்தந்தை கையெழுத்துப் போட்டு வைக்கலாம். அதே வீட்டு எண்ணின் கீழே, 2018இல் பிறந்த பிள்ளை ஒன்று இருந்தால், அதன் வரியில் தகப்பன் பெயர்க் கட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும்.